136-லிருந்து 142... இது முல்லைப் பெரியாறு கணக்கு இல்லை, இந்தியக் கால்பந்தின் கணக்கு!

தேனிப் பக்கம் போய் யாரிடமாவது, "136-ல இருந்து 142-க்கு வந்துடுச்சு" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைத்த 1979-ம், 142 அடி வரை தேக்கிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2014-ம், கூடலூரிலிருந்து தேனி வரை டீக்கடை பெஞ்சுகளுக்குக்கூட மனப்பாடம். 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்த எண்ணில்தானே நிற்கிறது!

அதே இரண்டு எண்கள் 2025-ன் கடைசியில் வேறோர் இடத்தில் வந்தன. ஃபிஃபா வெளியிடும் ஆண்கள் கால்பந்துத் தரவரிசையில் இந்தியா அக்டோபரில் 136-வது இடம். நவம்பரில் 142-வது இடம். அணையில் ஏறினால் சந்தோஷம், இங்கே ஏறினால் சங்கடம். சமூக வலைதளங்களில் மீம்ஸ் பறந்தன. "140 கோடிப் பேர்ல 11 பேர் கிடைக்கலையா?" என்ற அரதப் பழசான கேள்வியும் தூசி தட்டி எடுக்கப்பட்டது.

அந்தக் கேள்வியை விடுங்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கு. இந்த 142 எப்படி வந்தது? யார் போடுகிற கணக்கு, எதை வைத்துப் போடுகிறார்கள், அதை எந்த அளவுக்கு நம்பலாம்? அணை விஷயத்தில் இதையெல்லாம் நாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாளிதழில் நீர்மட்டம் எத்தனை அடி என்பதோடு நிறுத்த மாட்டார்கள். நீர்வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று நான்கு எண்களும் இருக்கும். மட்டம் 130 அடியாக இருந்தாலும் நீர்வரத்து ஆயிரக்கணக்கில் இருந்தால் விவசாயி நாற்றங்காலுக்கு விதையை ஊறவைக்க ஆரம்பித்துவிடுவார். மட்டம் அதிகமாக இருந்து வரத்து நின்றுபோனால் கவலைப்படுவார். கால்பந்தில் மட்டும் நாம் 'அடி'யை மட்டும் பார்த்துவிட்டு அழுகிறோம், சிரிக்கிறோம்.

செஸ் போர்டிலிருந்து வந்த கணக்கு

உங்கள் தெருவில் செஸ் கிளாஸ் போகிற பிள்ளை யாராவது இருந்தால், 'ரேட்டிங்' என்ற வார்த்தை உங்களுக்குப் புதிதாக இருக்காது. "தம்பிக்கு ரேட்டிங் 1500 தாண்டிடுச்சு" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அந்த ரேட்டிங்கை வடிவமைத்தவர் அர்பாத் எலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். 1960-ல் அமெரிக்க செஸ் கூட்டமைப்பும், 1970-ல் உலக செஸ் கூட்டமைப்பும் அவர் முறையை எடுத்துக்கொண்டன. ஆனந்த் முதல் குகேஷ் வரை எல்லோரும் அந்த ஏணியில் ஏறியவர்கள்தான்.

எலோவின் யோசனை ரொம்ப எளிமையானது. ஜெயித்தாயா, தோற்றாயா என்பது பாதிக் கேள்விதான். 'உன்னிடம் என்ன எதிர்பார்த்தோம், நீ என்ன செய்தாய்?' என்பதுதான் முழுக் கேள்வி. பலசாலி நோஞ்சானை ஜெயித்தால் பெரிதாக ஒன்றும் சேராது. நோஞ்சான் பலசாலியை ஜெயித்தால் அள்ளிக்கொண்டு போவான். அவன் அள்ளுவது அத்தனையும் பலசாலியின் பையிலிருந்து.

2018 உலகக் கோப்பை முடிந்த கையோடு, ஆகஸ்ட் மாதம் ஃபிஃபா ஆண்கள் தரவரிசைக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது. கணக்கு இதுதான்: பழைய புள்ளியோடு, போட்டியின் முக்கியத்துவத்தை (நடந்தது கழித்தல் எதிர்பார்த்தது) என்பதால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வெற்றி 1, டிரா 0.5, தோல்வி 0. முக்கியத்துவம் என்பது நட்புப் போட்டிக்கு 5 அல்லது 10, தகுதிச்சுற்றுக்கு 25, ஆசியக் கோப்பை போன்றவற்றுக்கு 35-லிருந்து 40, உலகக் கோப்பைக்கு 50-லிருந்து 60. எதிர்பார்ப்பு என்பது இரண்டு அணிகளின் புள்ளி வித்தியாசத்திலிருந்து வரும். சமபலம் என்றால் 0.50. வித்தியாசம் 200 என்றால் பலமான அணிக்கு 0.68. 400 என்றால் 0.82. 600 என்றால் 0.91.

இப்போது 2025 நவம்பர் 18-க்கு வாருங்கள். டாக்காவில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று. 136-வது இடத்திலிருந்த இந்தியா, 183-வது இடத்திலிருந்த வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது. வங்கதேசம் நம்மை ஜெயித்து 22 வருஷம் ஆகியிருந்தது. கணக்குக்காக இரண்டு அணிக்கும் நடுவில் 180 புள்ளி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் இந்தியாவிடம் எதிர்பார்த்தது 0.67. ஜெயித்திருந்தால் வெறும் 8 புள்ளிதான் கிடைத்திருக்கும். டிரா செய்திருந்தாலே 4 புள்ளி போயிருக்கும். தோற்றதால் 16-க்கு மேல் போனது. தரவரிசையின் அந்தப் பகுதியில் அணிகள் திருவிழாக் கூட்டத்து பஸ் மாதிரி நெருக்கியடித்து நிற்கின்றன. 16 புள்ளி இறங்கினால் ஆறு பேர் ஏறிவிடுவார்கள். ஏறிவிட்டார்கள்.

ஐந்து ஆட்டங்கள், ஒரு சரிவு

2023 ஜூலையில் இந்தியா 99-வது இடத்தில் இருந்தது. இன்டர்கான்டினென்டல் கோப்பை, தெற்காசியக் கோப்பை இரண்டையும் வென்ற நேரம். "இனி ஏறுமுகம்தான்" என்று எல்லோரும் பேசினோம். இரண்டே கால் வருஷத்தில் 43 படி இறங்கியிருக்கிறோம். எங்கே ஓட்டை?

எல்லோரும் சட்டென்று சொல்வது 2024 ஜனவரி ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பினோம். வலித்தது, உண்மைதான். ஆனால், எலோவின் கண்ணில் அந்த மூன்றில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது பெரிய குற்றமே இல்லை. அங்கே எதிர்பார்ப்பே குறைவு. நமக்குப் பக்கத்தில் நின்ற சிரியாவிடம் விழுந்ததுதான் அதிகப் புள்ளியைக் கரைத்தது.

உண்மையான ஓட்டை அதற்குப் பிறகு வந்தது. 2024 மார்ச் 26, குவஹாத்தி. சுனில் சேத்ரியின் 150-வது சர்வதேச ஆட்டம். அவர் பெனால்ட்டியில் ஒரு கோலும் போட்டார். 158-வது இடத்திலிருந்த ஆப்கானிஸ்தான் இரண்டு போட்டுவிட்டுப் போனது. 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் கோல் இல்லாத டிரா. ஜூனில் ஹாங்காங்கிடம் கடைசி நிமிடப் பெனால்ட்டியில் தோல்வி. அவர்கள் அப்போது 153-வது இடம். அக்டோபரில் 158-வது இடத்து சிங்கப்பூரிடம் கோவாவில் 1-2. சாங்க்டே முதலில் கோல் போட்டு முன்னிலை கொடுத்தும் அந்த ஆட்டம் கைநழுவியது. 2027 ஆசியக் கோப்பைக் கனவும் அன்றே போனது. பிறகு டாக்கா.

இந்த ஐந்து ஆட்டங்களிலும் எதிரணி நம்மைவிடக் கீழே இருந்த அணி. ஐந்துமே முக்கியத்துவம் 25 உள்ள தகுதிச்சுற்று ஆட்டங்கள். நம்மைவிடக் கீழே உள்ள அணியிடம் தகுதிச்சுற்றில் தோற்றால் குறைந்தபட்சம் 12.5 புள்ளி போகும் என்பது சூத்திரத்திலேயே இருக்கிறது. நான்கு தோல்விக்கு 50 புள்ளிக்கு மேல். டிராவுக்கும் ஒரு சின்ன அபராதம்.

அதாவது, இந்தியா பெரிய அணிகளிடம் தோற்றதால் கீழே வரவில்லை. ஜெயித்திருக்க வேண்டிய அணிகளிடம் திரும்பத் திரும்பத் தோற்றதால் வந்தது. ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம் கைவிட்டது எனலாம். மாதிரியின் எதிர்பார்ப்பை ஐந்து முறை தொடர்ந்து தவறவிட்டால், அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட முடியாது. மாதிரி அதுவரை நம்மைக் கொஞ்சம் அதிகமாக மதிப்பிட்டு வைத்திருந்தது, ஆட்டத்துக்கு ஆட்டம் தன்னைத் திருத்திக்கொண்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். 142 என்பது தண்டனை கிடையாது, பாக்கி வசூல். என் கணக்கில், 2023-ன் 99-தான் நம்மை ஏமாற்றிய எண்.

அளவுகோலிலேயே ஓட்டை இருந்தால்?

சரி, ஃபிஃபா கணக்கு வேதவாக்கா? இல்லவே இல்லை. 1992 டிசம்பரில் தொடங்கிய தரவரிசை இது. பல முறை சூத்திரத்தை மாற்றியிருக்கிறார்கள். 2006 முதல் 2018 வரை இருந்த சூத்திரம் ஒரு பெரிய காமெடி. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புள்ளி கொடுத்து, சராசரி எடுப்பார்கள். நட்புப் போட்டிக்குப் புள்ளி குறைவு என்பதால், அதில் ஜெயித்தாலும் சராசரி இறங்கும். ஆடாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது லாபம்!

போலந்து இதைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. 2018 உலகக் கோப்பை குலுக்கலுக்கு முந்தைய ஒரு வருஷம் நட்புப் போட்டிகளைத் தவிர்த்து, முதல் தட்டில் இடம்பிடித்தது. முதல் தட்டு என்றால் ஜெர்மனி, பிரேசில் போன்றவர்களைக் குரூப்பில் சந்திக்க வேண்டாம். ஆனால், ரஷ்யாவுக்குப் போய் செனகலிடமும் கொலம்பியாவிடமும் தோற்று, குரூப்பில் கடைசியாக வந்தது. இதற்கு நேரெதிர் பிரேசிலின் கதை. 2014 உலகக் கோப்பையை நடத்துகிற நாடு என்பதால் தகுதிச்சுற்றே ஆடவில்லை. வெறும் நட்புப் போட்டிகள். 2013 ஜூனில் 22-வது இடத்துக்கு இறங்கியது. அதே மாதக் கடைசியில், உலக சாம்பியன் ஸ்பெயினை கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் 3-0 என்று நசுக்கியது. 22-வது இடத்து அணி செய்கிற வேலையா அது?

இப்போதைய முறையில் அந்தத் திருகுதாளம் குறைந்திருக்கிறது. ஆனாலும் இரண்டு விஷயம் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஒன்று, கோல் வித்தியாசம். 2021 மார்ச்சில் துபாயில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் இந்தியா 0-6 என்று தோற்றது. 0-1 என்று தோற்றிருந்தால் எவ்வளவு புள்ளி போயிருக்குமோ, அதேதான் போனது. ஐ.பி.எல்-லில் நெட் ரன் ரேட்டுக்காகக் கடைசி ஓவர் வரை கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கும் நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். இரண்டாவது, சொந்த மைதானம். டாக்காவில் ஆடினாலும் கொச்சியில் ஆடினாலும் ஒரே கணக்கு.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், பெண்கள் தரவரிசையில் ஃபிஃபா இதையெல்லாம் அப்போதே சேர்த்திருந்தது. 2003-ல் அது தொடங்கியபோதே எலோ முறைதான். கோல் எண்ணிக்கையும் சொந்த மைதானமும் கணக்கில் உண்டு. ஆண்கள் தரவரிசை எலோவுக்கு வருவதற்கு 15 வருஷம் முன்பே பெண்கள் தரவரிசை வந்துவிட்டது. நல்ல கணக்கு எங்கே இருந்ததோ, அங்கே யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

எட்டிப்பார்த்திருந்தால் ஒரு நல்ல செய்தியும் கிடைத்திருக்கும். ஆண்கள் அணி ஹாங்காங்கில் தோற்ற அடுத்த மாதம், 2025 ஜூலை 5-ல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், 70-வது இடத்திலிருந்த இந்தியப் பெண்கள் அணி, 46-வது இடத்திலிருந்த தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச்சுற்றில் ஜெயித்து ஆசியக் கோப்பைக்குப் போனது அதுதான் முதல்முறை. பலமான எதிரணி, வெளியூர் மைதானம், முக்கியமான போட்டி என எலோவுக்குப் பிடித்த மூன்றும் ஒரே ஆட்டத்தில். அடுத்த தரவரிசையில் 63-க்கு வந்தார்கள். பெண்கள் கால்பந்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு கணக்கு இருக்கு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2018, 2023 என இரண்டு முறை தேசிய சாம்பியன். தேனியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் மதுரையின் சேது எஃப்.சி, 2018-19-ல் இந்திய மகளிர் லீக் கோப்பையையே தூக்கியது. இதற்கெல்லாம் எத்தனை மீம்ஸ் வந்தது?

நீர்வரத்தை அளக்கிற கணக்கு

போடியில் ஏலக்காய் ஏலத்துக்குப் போயிருப்பீங்க, அல்லது போனவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீங்க. கம்ப்யூட்டரில்தான் ஏலம் நடக்கிறது. ஆனாலும் எந்த வியாபாரியும் நேற்றைய சராசரி விலையை மட்டும் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்த மாட்டார். சாம்பிளைக் கையில் கொட்டிப் பார்ப்பார். நிறம், பருமன், காய்ந்த பக்குவம் பார்ப்பார். விலை என்பது நேற்றைய முடிவு. சரக்குதான் இன்றைய உண்மை.

கால்பந்தில் அந்தச் சாம்பிளைப் பார்க்கிற கணக்குக்கு 'எக்ஸ்பெக்டட் கோல்ஸ்' என்று பெயர். சுருக்கமாக எக்ஸ்.ஜி. டிவியில் மேட்ச் பார்க்கிறவர்கள் ஸ்கோருக்குக் கீழே 1.84, 0.62 என்று தசமப் புள்ளியோடு வருவதைப் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா அடிக்கப்பட்டது என்று பார்த்து, அது மாதிரி ஆயிரக்கணக்கான பழைய ஷாட்டுகளில் எத்தனை கோலானது என்ற விகிதத்தைப் போடுவார்கள். பெனால்ட்டி என்றால் 0.76-க்குப் பக்கம். 30 மீட்டருக்கு அப்பாலிருந்து ஆசைக்கு ஓர் உதை என்றால் 0.03 போல. எல்லாவற்றையும் கூட்டினால், 'இந்த அணி உருவாக்கிய வாய்ப்புகளுக்கு எத்தனை கோல் விழுந்திருக்க வேண்டும்' என்று தெரியும்.

ஸ்கோர்தான் அணையின் நீர்மட்டம் என்றால், எக்ஸ்.ஜி நீர்வரத்து. மட்டம் குறைவாக இருக்கும்போதே வரத்தைப் பார்த்துவிட்டவர்கள் லாபம் பார்த்த கதை ஒன்று இருக்கு. 2014-15-ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணி சீசனின் நடுவில் பட்டியலின் கடைசியில் கிடந்தது. இரண்டு முறை சாம்பியன் ஆக்கிய பயிற்சியாளர் யூர்கன் க்ளாப், "என் காலம் முடிந்தது" என்பதுபோல் விலகினார். அணி ஏழாவதாக முடித்தது. அதே நேரம் இங்கிலாந்தில் லிவர்பூல் கிளப்பில், இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய இயன் கிரஹாம் தன் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்ப்புகளின் கணக்கில் டார்ட்மண்ட் ஜெர்மனியின் இரண்டாவது சிறந்த அணி என்றது அது. பந்து உள்ளே போகவில்லை. எதிரணியின் அரைகுறை வாய்ப்பெல்லாம் உள்ளே போனது. அவ்வளவுதான். 2015 அக்டோபரில் க்ளாப் லிவர்பூலுக்கு வந்தார். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், அடுத்த வருஷம் 30 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம்.

கணக்குதான் கோப்பை வாங்கிக் கொடுத்தது என்று சொல்ல வரவில்லை. சாலாவும் வான் டைக்கும் ஓடாமல் எந்தக் கணக்கும் ஓடாது. ஆனால், ஏழாவது இடம் என்ற ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கவில்லை பாருங்க, அதுதான் விஷயம். இந்த மாதிரிக் கணக்கை நம்பியே லண்டனின் சின்ன கிளப்பான பிரென்ட்ஃபோர்ட், 2021-ல் பிரீமியர் லீக்குக்கு ஏறிவந்து நிலைத்தது.

இந்தியாவுக்கு வருவோம். எலோ நமக்கு எவ்வளவு சரிவு என்று சொல்கிறது. ஏன் என்று சொல்லவே சொல்லாது. 2024 ஜூனில் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். மனோலோ மார்க்கேஸ் வந்தார், ஒரு வருஷத்தில் போனார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். 14 மாதத்தில் மூன்று பயிற்சியாளர்கள். ஓய்வு பெற்ற சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைத்துவர வேண்டியிருந்தது. கோல் போட வேறு ஆள் இல்லை. ஐ.எஸ்.எல் ஒப்பந்தச் சிக்கலில் 2025-26 சீசன் வழக்கமான நேரத்தில் தொடங்கவே இல்லை. லீக் ஆடாத வீரர்கள் டாக்காவில் போய் என்ன செய்வார்கள்? இதில் எதுவும் சூத்திரத்துக்குள் கிடையாது. ஆனால் எல்லாமே கடைசியில் 142 என்ற எண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வெறும் கௌரவப் பிரச்னை என்றால் விட்டுவிடலாம். தரவரிசைதான் குலுக்கலில் உங்கள் தட்டைத் தீர்மானிக்கும். 2023-ல் 99-ல் இருந்ததால் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இரண்டாம் தட்டு கிடைத்தது. ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் முதல் தட்டே கிடைத்தது. அந்த வசதியிலும் சிங்கப்பூருக்குப் பின்னால் நின்றோம். அடுத்த முறை 142-லிருந்து கிளம்பினால் தட்டும் கீழே, எதிரணியும் கடினம். இப்போது 14, 15 வயதில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான் அந்தக் குலுக்கலின் விலையைக் கொடுக்கப் போகிறவர்கள்.

அந்த '140 கோடி' கேள்விக்கும் ஒரு பதில் சொல்லிவிடலாம். நாம் டாக்காவில் தோற்ற அதே நவம்பர் 18-ல், கரீபியன் தீவான குராசாவ், ஜமைக்காவில் 0-0 டிரா செய்து 2026 உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்றது. அதன் மக்கள்தொகை ஒன்றரை லட்சம் சொச்சம். 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 12.45 லட்சம். அதாவது நம்ம மாவட்டத்துக்குள் ஏழெட்டு குராசாவ் அடங்கும். தலை எண்ணிக்கை எந்த மாதிரியிலும் பெரிய வேலை செய்வதில்லை. அந்தத் தீவின் வீரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து அங்குள்ள அகாடமிகளில் வளர்ந்தவர்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, எத்தனை பேர் ஒழுங்காகப் போட்டி ஆடுகிறார்கள் என்பதுதான் கணக்கு.

ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்

போட்டி ஆடுவது என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊர்களில் திருவிழாவுக்கு, பொங்கலுக்கு என்று செவன்ஸ் நடக்கிறது. குமுளி மலை ஏறி இறங்கினால் கேரளா; அந்தக் காற்று இந்தப் பக்கமும் அடிக்கத்தான் செய்கிறது. ஆனால், போட்டி முடிந்தால் சுழற்கோப்பை ஒரு பீரோவுக்குள் போகும், ஸ்கோர் எல்லாம் காற்றில் போகும். எந்த அணி வளர்கிறது, எது தேய்கிறது என்று அடுத்த வருஷம் யாருக்கும் தெரியாது. குலுக்கல் போடும்போது, "அண்ணே, எங்களுக்கு மட்டும் ஏண்ணே முதல் ரவுண்டுலயே அவய்ங்க கூட?" என்று சண்டை வேறு.

எக்ஸ்.ஜி-க்குக் கேமராவும் ஷாட் விவரமும் வேண்டும். எலோவுக்கு ஸ்கோர் மட்டும் போதும். நீங்களே போடலாம். எல்லா அணிக்கும் 1000 புள்ளியில் தொடங்குங்க. போட்டிக்கு முக்கியத்துவம் 25 என்று ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளுங்க. முதல் ஆட்டத்தில் எல்லோரும் சமம் என்பதால் ஜெயித்தவருக்கு 12.5 கூடும், தோற்றவருக்கு 12.5 குறையும். அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தால் கம்பம் அணி 1100-க்கும் போடி அணி 1000-த்திலும் நிற்கிறது என்று வைப்போம். வித்தியாசம் 100. கம்பத்திடம் எதிர்பார்ப்பு 0.6, போடியிடம் 0.4. கம்பம் ஜெயித்தால் அதற்கு 10 கூடும், போடிக்கு 10 குறையும். டிரா என்றால் கம்பத்திடமிருந்து இரண்டரை புள்ளி போடிக்குப் போகும். போடி ஜெயித்தால் 15. மொபைலில் எக்செல் தெரிந்த ஒரு பிள்ளை அரை மணி நேரத்தில் இதை அமைத்துவிடும்.

சொந்த ஊர் மைதானத்தில் ஆடும் அணிக்குக் கணக்குப் போடும்போது மட்டும் ஒரு 100 புள்ளியைக் கூட்டி எதிர்பார்ப்பை எடுங்க. ஃபிஃபாவின் பெண்கள் தரவரிசையிலும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார்கள். நாக்-அவுட்டில் பெனால்ட்டி ஷூட்-அவுட் வரை போனால், ஜெயித்தவருக்கு 0.75, தோற்றவருக்கு 0.5 என்று ஃபிஃபா வைத்திருக்கும் அதே விதியை வைத்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து கூலிக்கு ஆள் இறக்கி ஒரே ஒரு கோப்பைக்கு ஆடிவிட்டுப் போகிற அணிகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்க. இல்லையென்றால் மொத்தக் கணக்கும் குழம்பிவிடும்.

முதல் வருஷம் வருகிற பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடாதீங்க. நாலைந்து ஆட்டத்தில் வருகிற ரேட்டிங், புதுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற சர்ட்டிஃபிகேட் மாதிரி. ஓர் அணிக்கு 20 ஆட்டமாவது சேரட்டும். அதற்குப் பிறகு உத்தமபாளையத்துக்காரரும் சின்னமனூர்க்காரரும் குலுக்கல் மேஜையில் சண்டை போட்டால், நோட்டை எடுத்து நடுவில் வைக்கலாம்.